பவேரியாவில் ஒரு தாய்

என் தம்பியின் பங்கை நான் ஏமாற்றிப் பறித்துக்கொண்டேன். ஒரு சரித்திரக் கதையைத் திரித்துச் சொல்லியே பறித்தேன். நம்ப மாட்டீர்களா? நம்புங்கள்!

நான் போர்ட் பிளேரில் சரித்திர வாத்தியார். ஜெர்மானியக் கோமகன்களின் வாரிசுச் சண்டை என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்! அப்பன் கண்ணை மூடியதும் பிள்ளைகள் நாட்டையே கூறுபோடுவார்கள். மதச் சீர்திருத்தம் வந்த பிறகோ ஒரு பங்காளி பழைய மதம், இன்னொரு பங்காளி புது மதம்... அடடா! எங்கள் ராமநாதபுரத்துப் பங்காளிச் சண்டையெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்!

அப்பா ஊரையொட்டிப் புரோத்ராபூரில் ஒரு பாக்குத் தோப்பை விட்டுவிட்டுப் போனார். காரியம் முடிந்ததும் தம்பி செல்வம் வடக்கே மாயாபந்தருக்குக் கிளம்ப வேண்டும். அங்கே கப்பல் ஜெட்டியில் வேலை, வாடகை வீடு. தோப்பைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. நானும் நேரே கேட்கவில்லை. கதை சொன்னேன்!

பவேரியாவில் ஒரு கோமகன் இருந்தான். நாடு இனி உடையக் கூடாது, மூத்தவனுக்கே முழுவதும், இளையவர்களுக்குப் பிரபுப் பட்டம் மட்டும் என்று சட்டம் போட்டுவிட்டுச் செத்தான். இதுவரை சத்தியம்.

"தம்பிக்காரன் என்னண்ணே பண்ணான்? ஹிஸ்ஸா கேட்டானா? என் பங்கக் குடுன்னானா?"

"கேக்கலடா. அண்ணனைக் கும்பிட்டுட்டு ஒதுங்கிட்டான். நாடு பிழைச்சுது!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "அவனப் பெத்தவ ஒண்ணுமே சொல்லலியாடா?"

"அவ அதுக்கு முந்தியே செத்துட்டாம்மா."

ஐயோ... அவள் சாகவில்லை! சக்கரவர்த்தியின் மகள் அவள். கணவன் போனதும் கன்னிமாடத்துக்குப் போய்விட்டவள், அங்கிருந்தபடியே இளைய மகனுக்காக மல்லுக்கு நின்றாள். சட்டம் வருவதற்கு முன்பே பிறந்தவன் நான், என்னை அது கட்டாது என்றான் அந்தத் தம்பி. ஜெயித்தான்! அண்ணனும் தம்பியும் கடைசிவரை சேர்ந்தே ஆண்டார்கள். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தத் தாயை ஏன் கொன்றேன்? என் தாய் அங்கே உட்கார்ந்திருந்தாளே, அதனால்தான்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொன்னபோது எனக்குப் பயமே வரவில்லை. உற்சாகம்... அப்படியொரு உற்சாகம்! வகுப்பில்கூட அவ்வளவு அழகாக நான் பாடம் நடத்தியதில்லை.

செல்வத்தின் கண் கலங்கிவிட்டது. "நானும் ஒதுங்கிக்கிறேண்ணே. தோப்பு உடைய வேணாம். நீயே வச்சுக்க." அம்மா மீண்டும் வெங்காயத்தை எடுத்தாள்.

அவன் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறான். நான் தோப்பில் வீடு கட்டிக்கொண்டேன்.

போன மாதம் அவன் மகள் கல்லூரியில் சேர்ந்தாள். சரித்திரம்! தங்குவது என் வீட்டில். செல்வம் ஃபோனில் கத்தினான்: "எல்லாம் உன் கதைதாண்ணே! அந்தத் தம்பி கதையச் சொல்லிச் சொல்லித்தான் இவள வளர்த்தேன்!"

நேற்று அவள் புத்தகமும் கையுமாக ஓடி வந்தாள்.

"பெரியப்பா! அந்தத் தம்பி ஒதுங்கவே இல்லையாமே! அவங்கம்மாவும் உயிரோட இருந்திருக்காங்க!"

எனக்குக்கூடச் சிலிர்த்தது. எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள்! 'ஆமாம், உன் அப்பனை நான் ஏமாற்றினேன்' என்று சொல்ல வேண்டிய நொடி அது. நாக்கு நுனிவரை வந்தது. அடுத்த அறையில் அம்மா இருமினாள்...

"அது வேற கோமகன் வீடும்மா. பவேரியாவுல ரெண்டு மூணு கிளை உண்டு."

அவள் முகம் விழுந்துவிட்டது. புத்தகத்தை மூடினாள்.

"ஸாரி பெரியப்பா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

பரவாயில்லை என்று அவளை மன்னித்தேன்.