மாமனார் முள்

வண்டி நின்ற பிறகும் கைசர் ஜஹான் இறங்குவதில்லை. மீர்சாகிப்பேட்டைச் சந்தில், வீட்டு வாசலில் பிக்கப்பைச் சுவரோரம் ஒட்டி நிறுத்திவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, துப்பட்டாவைத் தோளில் சரிசெய்தபடி ஸ்டீயரிங்குக்கு மேலே இருக்கும் சின்ன வட்ட மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். "இருப்பா நைனா, மாமனார் இன்னும் படுக்கல" என்பார் கைசர், திரும்பிப் பார்க்காமலே. முள் இருநூறுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சாவியைத் திருகுவார்.

சந்துக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வந்தவர்கள்தான் யார் அந்த மாமனார் என்று கேட்பார்கள். என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் புகையின் சூட்டைக் காட்டும் முள் அது. கைசரின் நிஜ மாமனார் பெரிய கோபக்காரர். அவர் காலமாகி வெகுநாளாகிறது. பெயரை மட்டும் மருமகள் இந்த முள்ளுக்குக் கொடுத்துவிட்டார். "ஐந்நூறுல கீறாருன்னா ஈஸி சேர்ல பேப்பர் படிச்சிகினு கீறாருன்னு அர்த்தம். அறுநூறத் தாண்டுனா எழுந்துட்டாரு. எழுநூறுன்னா வாசல்ல வந்து நிக்கிறாரு. அப்ப நாம கால எடுத்துடணும், வாய மூடிக்கணும்."

கண்ணாடியில் மாட்டியிருந்த பச்சைக் குஞ்சத்தின் நிழல் மீட்டரின் மேல் விழுகிறதென்று அதைக் கழற்றிவிட்டார். காலையில் வண்டியில் ஏறியதும் கைக்குட்டையால் துடைப்பது கண்ணாடியை அல்ல, அந்த மீட்டரைத்தான். வீட்டில் உருதுவும் தமிழுமாகக் கலந்து பேசுகிறவர், வண்டிச் சங்கதி என்று வந்துவிட்டால் சுத்த மெட்ராஸ் தமிழுக்கு மாறிவிடுவார்.

கணவர் அப்துல் கரீம் கல்யாணச் சமையல்காரர். பிரியாணிக்குப் பெயர் போனவர். முன்பு தேக்சா எனும் பெரிய பிரியாணி அண்டாக்களை ஏற்றிக்கொண்டு வண்டியையும் அவரேதான் ஓட்டுவார். விறகுப் புகை அவருடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. எதிரே வருகிற பஸ்ஸின் எண் தெரியாமல் போன பிறகு, ஒருநாள் சாவியை மனைவியின் கையில் கொடுத்தார். கைசர் அதற்கு முன் ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. கற்றுக்கொண்டார். இப்போது கரீம் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், கைசர் வண்டியைப் பார்த்துக்கொள்கிறார்.

மீட்டர் வந்த கதை சந்தோஷமான கதை இல்லை. ஓட்டத் தொடங்கிய புதிதில், வண்டி இன்னும் நன்றாக இழுக்க வேண்டுமென்று ஏதோ ஒரு மெக்கானிக் ஷெட்டில் என்ஜினுக்குப் போகும் டீசலின் அளவைக் கூட்டி வைத்துக் கொடுத்தார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். தேக்சா, அரிசி மூட்டை, விறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் ஃபராஸ், நேரமாகிறது, மிதியுங்கள் அண்ணி என்று சொல்லிக்கொண்டே வந்தான். கைசர் மிதித்தார். தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே அசையாமல் நின்றதால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, தடதடவென்று ஒரு சத்தம். அத்துடன் வண்டி நின்றது.

புதுப்பேட்டை மெக்கானிக் பஞ்சாட்சரம் என்ஜினைப் பிரித்து பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டினார். அதன் தலை வெல்லம் இளகினாற்போல உருகி ஓட்டை விழுந்திருந்தது. தண்ணீர் குளிர்ந்துதான் இருக்கும், உள்ளே எரிகிற புகை எழுநூறு, எண்ணூறு என்று போய்க்கொண்டே இருந்தால் அலுமினியம் எத்தனை நேரம் தாங்கும் என்றார். சொந்தக்காரர்கள் இந்த விளக்கத்தையெல்லாம் கேட்கவில்லை. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று முடித்துவிட்டார்கள். அடுத்த ரம்ஜான் வரை வண்டி ஷெட்டில் கிடந்தது. வேறு என்ஜின் ஏறியபோது, டீசலைப் பழைய அளவுக்கே குறைத்து வைக்கச் சொல்லி, கைசர் கேட்டு வாங்கி மாட்டிய மீட்டர்தான் அது.

போன வருஷம் ஐப்பசியில் அந்த மீட்டருக்கு வேலை வந்தது. வேளச்சேரியில் ஒரு நிக்காஹ். காலையிலேயே தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு ஒட்டிய தேக்சாக்களோடு மழையில் கிளம்பினார்கள். மந்தைவெளி வரை ஒன்றுமில்லை. அடையாறு பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. முள் அறுநூறைத் தாண்டி, எழுநூறைத் தொட்டு, அதற்கும் மேலே போயிற்று.

கைசர் காலை எடுத்தார். கியரைக் குறைத்தார். நான்கு பக்கமும் விளக்கை மினுக்கவிட்டு ஊர்ந்தபடி பாலத்தை இறங்கி ஓரம் கட்டினார். முள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டுப் பானெட்டைத் திறந்தால், டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் நீளமாகக் கிழிந்திருந்தது. போனில் பஞ்சாட்சரம் சொன்னார்: "காத்து பத்தல, டீசல் மட்டும் உள்ள போவுது. அதான் சூடு. மிதிக்காம போனீங்கன்னா போய்ச் சேந்துடலாம். மிதிச்சீங்க, போச்சு."

அதிலிருந்து வேளச்சேரி வரை நடக்கிற வேகம்தான். பின்னால் ஹாரன்கள். மழைத் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு பஸ்கள் தாண்டிப் போயின. முள் அறுநூறை நெருங்கும்போதெல்லாம் கைசரின் கால் தானாகத் தளர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரீம் ஒருமுறைகூட வேகமாகப் போ என்று சொல்லவில்லை.

அப்போது பெண்ணின் தகப்பனார் போன் செய்தார். பந்தி உட்கார்ந்துவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்று அவர் கத்தியது கைசருக்கே கேட்டது.

கரீம் நிதானமாகச் சொன்னார்: "சோறு பதம் வரல பாய். தம் போட லேட் பண்ணிட்டேன். என் தப்பு. வந்துகினே கீறோம்."

கைசர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். காலையிலேயே வெந்து தயாரான தேக்சாக்கள் தார்ப்பாய்க்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. ஒரு பருக்கை குழைந்தாலும் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர் இவர். கைசர் பார்வையை மறுபடி முள்ளுக்குத் திருப்பினார்.

மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அந்தத் தகப்பனார், இத்தனை வருஷத் தொழிலில் சோற்றுப் பதம்கூடத் தெரியாதா என்று கேட்டார். கரீம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, மாவைப் பெயர்த்து மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. சோறு உதிரி உதிரியாக வந்தது. ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டார்கள். ஆனாலும் அந்த வீட்டு அடுத்த விசேஷத்துக்கு வேறு சமையல்காரரைத்தான் கூப்பிட்டார்கள். மறுநாள் பஞ்சாட்சரம் குழாயை மாற்றி, என்ஜினைச் சோதித்துவிட்டு, உள்ளே ஒரு கீறல்கூட இல்லை என்றார்.

நிக்காஹ் நடந்த அன்று சாயங்காலம், காலித் தேக்சாக்கள் கடகடக்க மெதுவாகத் திரும்பி வரும்போது, தரமணி சிக்னலில் கைசர் கேட்டார்: "இன்னாத்துக்கு அப்டி சொன்னீங்க?"

கரீம் ஈரமான தாடியைத் தடவிக்கொண்டார். "சோறு லேட்டுன்னா திட்டிகினே துன்னுட்டுப் பூடுவாங்க. வண்டி லேட்டுன்னா, பொம்பள ஓட்டுனா இப்டித்தான்னு சொல்லுவாங்க. அத்தக் கேட்டுக் கேட்டு, நீ ஒரு நாள் பயந்துகினு மிதிச்சிடுவ."

பச்சை விழுந்தது. கைசர், தொடைமேல் கிடந்த கணவரின் கையை, தீக்காயத் தழும்பேறிய அந்தக் கையை எடுத்துக் கியர்த் தலைமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, முதல் கியரைப் போட்டார்.