விரதம் என்று நான் சொன்ன பசியின்மை

முருகன் அடியார்களே, உங்கள் எல்லோரையும் கும்பிட்டுத் தொடங்குகிறேன். நான் வெள்ளவத்தையில் இருப்பவள். இரண்டு வருடங்களுக்கு முன் சாவதற்குத் தயாராக இருந்தவள்.

அந்த வருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இளநீர் மட்டும் குடித்து விரதம் பிடித்தேன். சூரன் போர் முடிந்து மறுநாள் விரதம் முடிக்கும் பாரணைக்கு இலை போட்டார்கள். சோற்றைக் கண்டதும் குமட்டியது. அதற்குப் பிறகும் பசி வரவில்லை. மேல்வயிற்றில் ஓர் எரிவு. செவ்வாயும் விரதம், வெள்ளியும் விரதம் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பாட்டைத் தள்ளினேன். கோயிலில் பெண்கள், "அக்கான்ர பக்தி ஆருக்கு வரும்!" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

உள்ளுக்குள் பயம். என் அண்ணாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாதென்று அப்படியே தைத்து அனுப்பினார்கள். அந்த மாரிகாலம் முடியுமுன் போய்விட்டார். கத்தி பட்டதால்தான் புற்றுநோய் பரவியது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

கடைசியில் என் கணவர்தான் கண்டுபிடித்தார்.

"இஞ்சாரும், இது விரதமில்லை. உமக்குப் பசிக்கேல்லை. நாளைக்கு வெளிக்கிடும், டொக்டரிட்டப் போவம்."

ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். அதில் நான் கெட்டிக்காரி. கமரா பூட்டிய மெல்லிய குழாயை வாய்வழியாக விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று முடிவு வந்தது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்? சுவாமியறையில் விளக்கேற்றக் கை எழவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. வெளியே வீதியில் பஸ்கள் ஓடின, சனம் மரக்கறி வாங்கியது, எனக்கு மட்டும் எல்லாம் முடிந்துவிட்டது. முருகன் மேல் கோபம் வந்தது. இவ்வளவு விரதம் பிடித்தேனே, இதுவா பலன்? அழுதழுது, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். கத்தி மட்டும் வேண்டாம், அப்பனே. அதை நான் தாங்கமாட்டேன்.

எதற்கும் சம்மதிப்பதில்லை என்ற முடிவோடுதான் டொக்டரிடம் மறுபடி போனேன்.

"அம்மா, இது ஆரம்பம். வயித்தின்ர உள்தோலோட மட்டும் நிக்குது. அதே குழாயை விட்டு உள்ளாலயே எடுக்கலாம். வயித்தை வெட்டத் தேவையில்லை."

நான் அண்ணாவின் கதையைச் சொன்னேன்.

"கத்தி பட்டுப் பரவேல்லை அம்மா. அவர் பிந்தி வந்திட்டார்."

அந்தக் கதிரையில் இருந்தபடியே விம்மி அழுதேன். எனக்காகவும் அண்ணாவுக்காகவும். கத்தி வேண்டாமென்று நான் கேட்பதற்கு முன்பே, பிந்திவிடாமல், முருகன் என் கணவர் வாயால் என்னை எழுப்பி அனுப்பியிருக்கிறான்.

குழாய் வழியாகவே அதை எடுத்தார்கள். இன்றுவரை திரும்ப வரவில்லை. டொக்டர் சொன்ன தவணை நாட்களில் போய்க் குழாய் விட்டுப் பார்த்துக்கொள்கிறேன். போன சஷ்டிக்குக் கோயிலில் ஒருத்தி, "என்னக்கா, இந்த முறை விரதமில்லையோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, எனக்குப் பசிக்குது," என்றேன். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

உங்களில் யாராவது என்னைப் போலச் சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டிருந்தால், முதலில் போய் வயிற்றைக் காட்டுங்கள். பயமாக இருந்தால் முருகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கோபித்துக்கொண்டு நின்ற என்னோடே வந்தவன், உங்களோடு வரமாட்டானா?