கூட்ஸ் எழுதாத கடிதம்

அந்தப் பயிற்சி மையத்தில் கணினிகள் பன்னிரண்டு, மாணவர்கள் இருபத்து நான்கு பேர். ஆகவே ஆசிரியர் ஒரு கணினிக்கு இரண்டு நாற்காலி போட்டு, இடப்பக்கம் உட்காருகிறவருக்கு விசைப்பலகை, வலப்பக்கத்தவருக்கு மவுஸ் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டார். புருஷன் பெண்டாட்டியை அப்படி உட்கார வைத்தால்கூட மூன்றாம் நாள் சண்டை வந்திருக்கும். மற்ற பதினொரு கணினிகளிலும் வந்தது. ஏழாம் எண்ணில் மட்டும் வரவில்லை. அங்கே இடப்பக்கம் எக்ஸ்பிரஸ், வலப்பக்கம் கூட்ஸ்.

பெயர் வைத்தவரும் ஆசிரியர்தான். எக்ஸ்பிரஸ் தட்டச்சு செய்தால், கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மழை பிடித்துக்கொண்டது என்று வாசலில் வைத்த பலகையை உள்ளே தூக்கி வைப்பார். கூட்ஸ் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் சுவர்க்கடிகாரத்தின் பெரிய முள் அலுத்துப்போய்ச் சின்ன முள்ளின் தோளில் சாய்ந்துகொள்ளும். ஆனால் அடித்த வரியில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் பிழை கிடைக்காது.

கூட்ஸுக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடம் முடித்த மறுவாரமே தாய்மாமனின் இரும்புச் சாமான் கடையில் வந்து உட்கார்ந்தவள், எட்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை. கீல், தாழ்ப்பாள், திருகாணி, போல்ட், நட்டு என்று கூரை வரைக்கும் இழுப்பறைகள். எந்த இழுப்பறையிலும் எழுத்து கிடையாது. எது எங்கே என்பது மாமாவின் மண்டைக்குள் மட்டும் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, கீழே விழுந்த ஆணியின் சத்தத்தை வைத்தே அது ஒன்றரை அங்குலமா இரண்டா என்று சொல்லுவார். ஒருமுறை துருப்பிடித்ததா இல்லையா என்றுகூடச் சொன்னதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்ட மாமாவுக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்தது. நான்கு நாளும் கடை திறந்திருந்தது. ஒரு கீலும் விற்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கடையின் பின்னறையில் மாமாவின் கட்டிலருகே நின்று, "அண்ணே, மூணு அங்குலக் கீல் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்க, மாமா போர்வைக்குள்ளிருந்து ஏதோ முனக, கூட்ஸ் ஏணியில் ஏறித் திறந்தால் உள்ளே சங்கிலி இருந்தது. அந்த வாரமே அவள் பயிற்சி மையத்தில் பெயர் கொடுத்துவிட்டாள்.

"ஆணி எண்ண கம்ப்யூட்டர் எதுக்குடி? எல்லாம் என் மண்டையில இருக்கே" என்றார் மாமா.

"அந்த மண்டைக்கு இன்னொரு காய்ச்சல் வந்தா கடையை மூடிடலாமா மாமா?"

வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு அவளுக்கு விடுதலை கிடைத்தது.

வகுப்பில் கற்றதையெல்லாம் அவள் ஸ்ப்ரெட்ஷீட் என்கிற ஒரே ஒரு விரிதாளில் கொட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு வகைச் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்ணைப் பார்த்தாலே எந்தச் சுவர், எத்தனையாவது வரிசை, எத்தனையாவது இழுப்பறை என்று தெரிந்துவிடும். சரக்கு குறைந்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும். ஒரு போல்ட்டைத் தேடினால் அதற்குப் பொருந்தும் நட்டும் வாஷரும் கூடவே கை கோத்துக்கொண்டு வரும். ஐந்து மாதம் பிடித்தது. எக்ஸ்பிரஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏய், இதை முடிக்கிறதுக்குள்ள இரும்பெல்லாம் துருப்பிடிச்சிடும்டி" என்று கேலி செய்துகொண்டே, வேண்டிய இடத்தில் அடித்துக் கொடுத்தாள்.

ஆசிரியர் கணினிப் பாடத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. "தொடர்பு வேணும்மா. நீ கெட்டிக்காரின்னு உனக்குத் தெரிஞ்சா போதாது, நாலு பேருக்குத் தெரியணும்" என்பார். இணையத்தில் தொழில் தொடர்புகளுக்கான தளம் ஒன்றில் எல்லோரையும் கணக்குத் தொடங்க வைத்தார். ஒரு வாரத்தில் எக்ஸ்பிரஸுக்கு நூற்று நாற்பது தொடர்புகள் சேர்ந்தன. கூட்ஸுக்கு ஒன்று. அந்த ஒன்றும் எக்ஸ்பிரஸ்தான்.

"தெரியாத மனுஷங்களை எப்படிடி கூப்பிடறது?"

"கதவைத் தட்டறியா நீ? பட்டனைத் தட்டறே. அதுக்கென்ன வெக்கம்?"

கூட்ஸின் கைபேசி பேச மட்டும் தெரிந்த பழைய பட்டன் கைபேசி. ஆகவே அவளுடைய மின்னஞ்சலும் தொடர்பும் ஏழாம் எண் கணினியோடு சரி. அது முதல் நாளே, கடவுச்சொல்லை நான் நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. கடையில் யாராவது பையை வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டால் தாராளமாக என்று சொல்லிப் பழகியவள் அவள். சரி என்று அழுத்திவிட்டாள்.

ஒருநாள் வகுப்புக்கு ஓர் அம்மாள் பேச வந்தார். உதிரி பாகங்கள் விற்கும் நிறுவனத்தின் கிடங்கு மேலாளர். மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டதுமே வகுப்பு முதுகை நிமிர்த்திக்கொண்டது.

"சான்றிதழ் எல்லாரும் காட்டறாங்க. எனக்கு அது வேண்டாம். நீங்க உங்க கையால செஞ்ச ஒண்ணை அனுப்புங்க. கிடங்குல ஒரு உதவியாளர் இடம் இருக்கு" என்றார்.

எக்ஸ்பிரஸ் கூட்ஸின் விலாவில் முழங்கையால் இடித்த இடி, பக்கத்துக் கணினிக்காரருக்கும் வலித்திருக்கும். கூட்ஸ் எழுதினாள். 'மதிப்பிற்குரிய'வா 'அன்பிற்குரிய'வா என்பதற்கே பத்து நாள். எக்ஸ்பிரஸ் தலையில் அடித்துக்கொண்டாள்: "நீ அனுப்பறதுக்குள்ள அந்தம்மா ரிட்டயர் ஆயிடுவாங்கடி!" மூன்றாம் வாரம் கடிதமும் விரிதாளும் போய்ச் சேர்ந்தன.

"கூப்பிட்டாங்கன்னா நீயும் கூட வரணும். தனியா போனா எனக்கு வாய் பூட்டிக்கும்" என்றாள் கூட்ஸ்.

"வர்றேன் போ."

கூப்பிட்டால் சொல்ல வேண்டியதை இப்போதே ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்ஸ் நினைத்தாள். எக்ஸ்பிரஸை மேலாளராக உட்கார வைத்து, எண் எப்படி அமைந்தது, கட்டம் ஏன் சிவப்பாகிறது என்று வரிசையாக விளக்கினாள். எக்ஸ்பிரஸ் நல்ல மேலாளராக இருந்தாள். குறுக்குக் கேள்வி கேட்டாள். புரியாத இடத்தில் மறுபடி சொல்லச் சொன்னாள். ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் செய்தாள்.

அடுத்த வியாழக்கிழமை கூட்ஸ் வகுப்புக்குப் போகவில்லை. கடையில் வருஷத்துக்கு ஒருமுறை இருப்பு எண்ணும் நாள். மாமா சொல்லச் சொல்ல, ஏணி மேல் நின்று திருகாணி எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை வந்து பார்த்தாள். பதில் இல்லை.

"பெரிய இடம்டி. ஆற அமரத்தான் போடுவாங்க" என்றாள் எக்ஸ்பிரஸ். பிறகு, போகிற போக்கில், "ஏய், அந்தக் கறுப்பு ஷூவைக் கொடேன். செவ்வாக்கிழமை ஓரிடத்துக்குப் போகணும்" என்றாள். நேர்முகத்துக்கென்று கூட்ஸ் வாங்கி, அட்டைப்பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்த காலணி அது. இருவருக்கும் ஒரே அளவு. கூட்ஸ் அன்று மாலையே துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து எக்ஸ்பிரஸுக்கு வேலை கிடைத்தது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக என்றாள். எந்த நிறுவனம் என்று கேட்டதற்கு, "ஏதோ ஒரு கம்பெனி, போய்ப் பார்த்தாதான் தெரியும்" என்றாள். கூட்ஸ் அவளைக் கட்டிப்பிடித்து, வகுப்பின் கைத்தட்டல் நிற்கும் வரைக்கும் விடவில்லை. மறுவாரத்திலிருந்து ஏழாம் எண் கணினியில் இரண்டு நாற்காலிக்கும் ஒருத்திதான். இத்தனை நாள் பெரும்பாலும் மவுஸே பிடித்தவள், விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். மாமாவிடம், "எனக்குப் பதில் வரல மாமா. அவங்க எதிர்பார்த்த அளவுக்கு ஷீட் இல்ல போல" என்றாள். மாமாவுக்கு அந்தத் தாள் புரியாவிட்டாலும், "அவங்களுக்கு ஆணியைப் பத்தி என்னடி தெரியும்?" என்று அவளுக்காகக் கோபப்பட்டார்.

பதினோரு வாரம் ஆயிற்று. ஒரு மாலை அவள் மின்னஞ்சலைத் திறந்தால், மேலாளர் அம்மாளின் கடிதம் உட்கார்ந்திருந்தது.

"வணக்கம். உங்கள் குடும்பச் சூழல் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பி வைத்த தோழி நன்றாக வேலை செய்கிறார். அவருடைய பயிற்சிக்காலம் முடிகிறது. அவரோடு சேர்ந்து அந்த விரிதாளைச் செய்தவர் என்ற முறையில், அவரைப் பற்றி இரண்டு வரி எழுதித் தர முடியுமா?"

கூட்ஸ் அதை நான்கு தடவை படித்தாள். தன் குடும்பத்துக்கு என்ன சூழல் என்று யோசித்தாள். மாமாவுக்குக் காய்ச்சல்கூட இல்லையே. அப்புறம் 'அனுப்பியவை' என்ற பெட்டியைத் திறந்தாள். இருப்பு எண்ண ஏணி மேல் நின்ற அந்த வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவள் ஒரு கடிதம் எழுதியிருந்தாள்.

'செவ்வாய் காலை பத்து மணிக்கு வரச் சொன்னதற்கு மிக்க நன்றி. எதிர்பாராத குடும்பச் சூழலால் என்னால் இப்போது எந்த வேலையிலும் சேர இயலாது. இந்தத் தாளை என்னோடு சேர்ந்து உருவாக்கிய என் தோழியை அனுப்புகிறேன். என்னைவிட அவர் நன்றாக விளக்குவார்.' கீழே கூட்ஸின் பெயர்.

நேர்முகத்துக்கு வந்த அழைப்பை அழித்தவள், அனுப்பியதை அழிக்க மறந்திருக்கிறாள். எக்ஸ்பிரஸ் சின்ன நிலையங்களில் நிற்பதில்லை.

கூட்ஸுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. கடிதம் நன்றாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஒரு பிழை இல்லை, பணிவு அளவாக இருந்தது. அவள் எழுதியிருந்தால் மூன்று வாரம் ஆகியிருக்கும். பிறகு தன் காலணி அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கே போயிற்று என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை ஐந்தரைக்குக் கிடங்கின் எதிரேயிருந்த பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். எக்ஸ்பிரஸ் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தாள். கூட்ஸைப் பார்த்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

"யாருக்குடி குடும்பச் சூழல்?" என்றாள் கூட்ஸ்.

எக்ஸ்பிரஸ் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"நீ போயிருக்க மாட்டே" என்றாள். "ஒரு மெயிலுக்கு மூணு வாரம் எடுத்துக்கிட்டவ நீ. அவங்க முன்னாடி வாயே திறந்திருக்க மாட்டே. அந்த இடம் யாரோ மூணாவது ஆளுக்குப் போயிருக்கும்."

"கூட வான்னுதானே சொன்னேன்? எனக்குப் பதிலா போன்னா சொன்னேன்?"

"உனக்கு மாமா கடை இருக்கு. எனக்கு என்னடி இருக்கு?"

"எனக்கு நீ இருந்தே" என்றாள் கூட்ஸ். அவ்வளவு வேகமாக அவள் எதையும் சொன்னதில்லை.

எக்ஸ்பிரஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மா உன்கிட்ட ரெண்டு வரி கேட்டிருக்காங்க, இல்ல? என்ன எழுதப் போறே?"

"இன்னும் எழுதல. என் வேகம்தான் உனக்குத் தெரியுமே."

நான்கு நாள் எழுதினாள். முதல் கடிதம், கடைக்குச் சரக்கு இறக்க வரும் லாரிக்காரர்களிடம் எட்டு வருஷமாகக் கேட்டுச் சேர்த்த சொற்களால் ஆனது. படித்ததும் அவளுக்கே காது சுட்டது, அழித்தாள். இரண்டாவது கடிதத்தில் எக்ஸ்பிரஸைப் புகழ்ந்திருந்தாள். அதைப் படித்தபோது இன்னும் அதிகமாகக் கூசியது. மூன்றாவதை அனுப்பினாள்.

"இவர் வேகமாகவும் பிழையில்லாமலும் வேலை செய்வார். விரிதாளைச் செய்தவள் நான். தட்டச்சில் இவர் உதவினார். என் பெயரில் உங்களுக்கு வந்த பதிலை இவர் எனக்குத் தெரியாமல் எழுதினார். அன்று எனக்குக் குடும்பச் சூழல் எதுவும் இல்லை. திருகாணி எண்ணிக்கொண்டிருந்தேன்."

இரண்டு வரி கேட்டதற்கு ஆறு வரி ஆகிவிட்டது. நகல் அனுப்பும் இடத்தில் எக்ஸ்பிரஸின் முகவரியையும் போட்டாள். முதுகுக்குப் பின்னால் எழுதும் வேலை ஏழாம் எண் கணினியில் ஒருமுறை நடந்தது போதும் என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. மேலாளர் அம்மாள் விசாரித்தாராம். எக்ஸ்பிரஸ் ஒப்புக்கொண்டாளாம். மிகவும் வருந்துகிறோம், கண்டித்திருக்கிறோம், பயிற்சிக்காலத்தை மூன்று மாதம் நீட்டியிருக்கிறோம். ஆனால் கிடங்கு அவரை நம்பி ஓடத் தொடங்கிவிட்டதால் இப்போது மாற்ற இயலாது. உங்கள் நேர்மைக்கு நன்றி. உங்கள் விரிதாள் எங்களுடைய மூன்று கிடங்குகளிலும் மிகவும் பயன்படுகிறது.

அச்செடுத்து வந்து மாமாவிடம் வாசித்துக் காட்டினாள். "பயன்படுதாமா?" என்றார் மாமா.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்ஸ், தினமும் போடும் செருப்போடு, கிடங்கு வாசலில் போய் நின்றாள். யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. மேலாளர் அம்மாள் எழுந்து நாற்காலி காட்டினார். "பாருங்கம்மா, எனக்கு ரொம்பச் சங்கடமா இருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அந்த ஷீட்டைத் திறங்க மேடம்" என்றாள் கூட்ஸ். வாய் பூட்டிக்கொள்ளவில்லை.

திறந்தார். தலைப்பில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது. கூட்ஸ் விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்தி, 'உருவாக்கியவர்' என்று அடித்து, தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, மேலாளர் அம்மாள் ஒரு தடவையும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் திரையைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"இதை மூணு கிடங்குக்கும் அனுப்புங்க. இப்பவே."

அனுப்பினார். கூட்ஸ் அது போய்ச் சேரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். "வேற ஏதாவது...?" என்றார் மேலாளர் அம்மாள். வேறு எதுவும் அவரிடம் இல்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

அவள் கடைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டு. கடையில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மாமா ஏணி மேலிருந்தே கேட்டார்: "என்னடி ஆச்சு?"

"மூணு கிடங்குலயும் என் பேரு இருக்கு மாமா."

"வேலை?"

"அது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்றவரிடம், "உங்களுக்கு எத்தனை அங்குலம் வேணும்?" என்றாள்.