அருவிக்கரையில் ஒரு வாசகி

எண்பதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கம் நெரிசலை ஒழுங்குபடுத்த ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தார். நல்ல உயரம். சாரல் படாமல் குடைக்குள் ஒரு சிறுவர் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். விசில் ஊதுவார், மறுபடி படிப்பார். மனைவி குளித்து வரக் காத்திருந்த நான், அதே பத்திரிகை திருப்பி அனுப்பியிருந்த என் மாயக்கதையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

படித்துவிட்டு முகம் சுளித்தார்.

“அண்ணாச்சி, இதுல எல்லாரும் அந்த மாய ஊர்லயே பொறந்தவங்க. யானை பறக்குது, ஒருத்தரும் அசரலியே!”

“மாய ஊருன்னா யானை பறக்கத்தானே செய்யும்?”

“பறக்கட்டும். நம்ம தென்காசிப் பிள்ளை ஒருத்தி கதவத் தொறந்து அங்கன போனான்னு வைங்க. அவ வாயப் பொளப்பா. அம்மயத் தேடி அழுவா. வீடு திரும்புவாளா மாட்டாளான்னு நமக்கும் பதறும்லா?”

ஊருக்குப் போய் அப்படியே மாற்றி எழுதினேன். கதை அச்சில் வந்துவிட்டது!

அடுத்த சீசனில் அந்த இதழோடு அவரிடம் ஓடினேன். வாங்கியவர் நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பிள்ளை வீடு சேர்ந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகுதான் முதல் வரிக்கு வந்தார்.

முடிவை முதலில் படிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்மேல் மட்டும் ஏனோ வரவில்லை.