குறிகட்டுவானில் பிடித்த கை

அமல்ராஜ் அண்ணை, உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கு மெழுகுதிரிகளோடு குறிகட்டுவான் துறையில் நிற்கிறேன். நெடுந்தீவுப் படகு இன்னும் வரவில்லை. பக்கத்தில் நிற்கும், சரவணை ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர் என் அழுத கண்ணைக் கண்டு, கேட்காமலே கையைப் பிடித்துப் பெருவிரலுக்குப் பக்கத்தில் அமத்துகிறார்.

“இது அக்குபிரஷர், பிள்ளை. மனப்பாரம் எல்லாம் இறங்கீடும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கையைப் பறிக்கிறேன்.

“விடுங்கோ அக்கா! நெஞ்சு நோகுதெண்ட என்ர அண்ணைக்கும் இப்பிடித்தான் அமத்தினது. வெறும் ரென்சனாம். அவரும் குறைஞ்சிட்டுது எண்டவர். அதை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போக இருந்த காலமைப் படகை விட்டிட்டம். அடுத்த படகு வரமுன்னம் ஆள் முடிஞ்சுது.”

“ஐயோ! அமத்தினவனைச் சும்மாவோ விட்டனியள்?”

“நான்தான் அமத்தினனான். அமத்தினா எல்லாம் போயிடும் எண்டு போனில வாற வீடியோவில சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறாங்கள். ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு ஒருத்தனும் சொல்லேல்லை!”

படகு வந்து அணைகிறது. மெழுகுதிரிப் பையை அக்காவே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறுகிறார்.

இதை வாசிக்கிறவர்களே, நெஞ்சு நோகிறது என்று யார் சொன்னாலும் முதலில் படகில் ஏற்றுங்கள். என் அண்ணைக்காக எல்லாரும் ஒருக்கால் மன்றாடுங்கள்.