நான் அழித்த ஏலக்காய்ப் படம்

ஏலத்தோட்டங்கள் நிறைந்த வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விவசாயப் பாடம் எடுக்கிறேன். வகுப்புக்கென்று ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்கி, "உங்கள் தோட்டத்தில் நோய் வந்த செடியைப் படம் எடுத்துப் போடுங்கள், காரணமும் எழுதுங்கள்" என்றேன். எல்லோருக்கும் தோட்டம் இருக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜெனிஃபர் குடும்பத்துக்கு இருந்தது லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஓர் அறைதான். அவள் தன் அம்மா வேலை செய்யும் எஸ்டேட்டில் அழுகிய ஏலக்காயைப் படம் எடுத்தாள். நிழல் மரங்களின் கிளைகளை வெட்டாமல் விட்டதுதான் காரணம் என்று எழுதி, எஸ்டேட் பெயரையும் போட்டாள். நானும் பெருமையாக எல்லோருக்கும் பகிர்ந்தேன்.

மூன்றாம் நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. படத்தைப் பார்த்த மேனேஜர், அவள் அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். உடனே பதிவை அழித்தேன். அழித்த பிறகும், யாராவது சேமித்து வைத்திருப்பார்களோ என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இருப்புக் கொள்ளாமல் சாயங்காலம் லயத்துக்கே போனேன்.

ஜெனிஃபரின் அம்மா திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"டீச்சர், பாப்பா எழுதுனது தப்பா?"

"இல்லம்மா, சரியாத்தான் எழுதியிருக்கா."

"பெறகு ஏன் டீச்சர் அழிச்சீங்க?"



மறுநாள் மேனேஜரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஜெனிஃபரின் அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பள்ளிக்கு வந்து, ஜெனிஃபர் எழுதிய விடைக்கு முழு மார்க் போட்டேன். காலையில் நான் மன்னிப்புக் கேட்டதும் அதே விடைக்காகத்தான்.