மே மாதத்தில் வந்தவள்

கிறிஸ்துமஸ் லீவுக்கு வரட்டுமா என்றுதான் எட்டு வருடமும் என் மனைவி கேட்டாள். அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் நான் வேலை பார்த்த ஆலையில் அது நடக்காது. குளிர்கால மாதங்களில் அமீரகம் இதமாக இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் பாலைவனம் பார்க்க வந்து குவிவார்கள். அதே மாதங்களில்தான் ஆலையை நிறுத்தி, குழாய்களைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் நேரத்தில் லீவு கேட்க வாயெடுக்க முடியாது. அவள் தூத்துக்குடிப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர். நீண்ட விடுமுறை என்றால் மே மாதம்தான். "நம்ம ஊர்ல இல்லாத வெயிலா?" என்று சொல்லி வந்துவிட்டாள்.

ஆலைத் தொழிலாளர் கேம்ப்பில் குடும்பத்துக்கு இடமில்லை. துபாயில் சத்வாவில், நர்ஸாக இருக்கும் சித்தி மகள் வீட்டில் தங்கினாள். வாரத்தில் ஒரு நாள் நான் அபுதாபிக்கு ஒரு பஸ், அங்கிருந்து துபாய்க்கு இன்னொரு பஸ் என்று மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பினால்தான் மறுநாள் டூட்டிக்கு நிற்கலாம். மூன்று வாரம் இப்படியே போனது. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. நான் பக்கத்தில் இருக்க, வண்டியில் மணல் மேடு ஏறி இறங்க வேண்டும். கடைசி வாரம் டெசர்ட் சஃபாரிக்கு இரண்டு இடம் சொல்லிவைத்தேன். மறுநாள் அவளுக்கு விமானம்.

அன்று விடியற்காலை பையைத் தூக்கியபோது சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஒரு வால்வில் கசிவு. "தோ கண்டா, பாய்" என்றார். அவர் சொன்ன இரண்டு மணி நேரம் நாலு மணி நேரம் ஆனது. அபுதாபி பஸ் நிலையத்தில் வரிசை வாசல் தாண்டி வெயிலில் நின்றது. என் கண் முன்னே இரண்டு பஸ் நிரம்பிப் போயின. மூன்றாவதில் ஏறி, பாதி வழியில் இருக்கும்போது அவள் போன் செய்தாள்.

"வண்டி வாசல்ல நிக்கி. நீங்க எங்க இருக்கீங்க?"

"நீ ஏறிக்கோ. நான் டாக்ஸி பிடிச்சு நேரா அங்க வாரேன்."

"நீங்க இல்லாம நான் என்னத்துக்குப் போவணும்?"

"இன்னைக்கு விட்டா நீ பாக்கவே மாட்ட. ஏறு."

ஏறினாள். நான்தான் ஏற வைத்தேன்.

துபாய் எல்லையில் இறங்கி டாக்ஸி பிடித்தேன். அவள் அனுப்பியிருந்த லொகேஷனைக் காட்டினேன். போகும் வழியில் அவளுக்கு ஆறு தடவை அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஏழாவது தடவை மணியே அடிக்கவில்லை. சஃபாரி டிரைவரின் எண்ணும் அப்படியே. வண்டி கவிழ்ந்த வீடியோக்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அத்தனையும் வரிசையாகக் கண் முன் வந்தன.

தார் ரோடு முடிந்த இடத்தில் டாக்ஸிக்காரர் நிறுத்திவிட்டார். "ஆகே ரேத் ஹே, பாய். காடி நஹி ஜாயேகா." எதிரே மணல்தான், கார் போகாது. போனில் பார்த்தால் சஃபாரி கேம்ப் இரண்டு கிலோமீட்டர். நடந்து வருகிறேன் என்று அவளுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு இறங்கினேன். கையில் அரை பாட்டில் தண்ணீர்.

மாலை ஐந்து மணிக்கும் மணல் கொதித்தது. ஷூவுக்குள் புகுந்து சுட்டது. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கியது. டயர் தடத்தைப் பிடித்துப் போனேன். ஒரு மேட்டின் மறுபக்கம் தடமே இல்லை. திரும்பிப் பார்த்தேன், ரோடும் தெரியவில்லை. போன் சூடேறி அணைந்துவிட்டது. தண்ணீர் முடிந்திருந்தது. வியர்வை நின்றுபோனதைக் கவனித்தேன். அது சூடு தாக்கியதன் அறிகுறி என்று வருடா வருடம் சேஃப்டி வகுப்பில் சொல்வார்கள். முழங்காலிட்டேன். ஜெபம் வரவில்லை. அவள் பெயர்தான் வந்தது.

ஒட்டகத்துக்குப் புல் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று எந்தப் பக்கமிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட்டி வந்த பட்டாணியர் ஒரு பாட்டில் தண்ணீரில் பாதியை என் தலையில் ஊற்றி, மீதியைக் குடிக்கக் கொடுத்தார். "பாகல் ஹே க்யா?" என்று கேட்டார். பைத்தியமா என்று கேட்டதற்கு ஆமாம் என்று தலையாட்டினேன். கேம்ப் நான் நடந்ததற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது.

அவள் கூடாரத்து நிழலில் தலையில் ஈரத் துண்டோடு நின்று, கேம்ப் ஊழியர் ஒருவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேடு ஏறி இறங்கியதில் மூன்று முறை வாந்தி எடுத்து மயங்கியிருக்கிறாள். அவள் போனும் சூட்டில் அணைந்து கிடந்திருக்கிறது. கேம்ப்பில் அது உயிர் பெற்றதும் என் மெசேஜைப் பார்த்திருக்கிறாள். அப்போதிலிருந்து, வண்டி அனுப்பு என்று தெரிந்த மொழியிலெல்லாம் அந்த ஆளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவரை விட்டுவிட்டு என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "யாரைக் கேட்டு மணல்ல இறங்குனீங்க? நான் ஊருக்கு யாரைக் கூட்டிட்டுப் போவேன்?" பிறகு அதே துண்டை எடுத்து என் தலையில் சுற்றினாள்.

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. கறி சுடும் வாசனை வந்தது. எங்கள் இருவராலும் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. வண்டி கிளம்பும்வரை ஒரு பாயில் உட்கார்ந்திருந்தோம். சத்வா போனதும் நான் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறாள். ஆலைக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லை. வெளியே வந்து பார்த்தபோது அவள் கடலுக்கு மேலே இருந்தாள்.

அந்த டிசம்பரில் லீவு கேட்டேன். ஷட்டவுன் என்றார்கள். அதை மீறி ஊருக்குப் போனேன். பத்து நாள் அவளோடு இருந்தேன். கம்பெனி என் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. இப்போது சவூதியில், யான்புவில் இன்னொரு ஆலையில் இருக்கிறேன். நான் எப்போது வரட்டும் என்று அவள் இதுவரை கேட்கவில்லை.